புரதத்தைப் பிரிக்கும்போது டி.என்.ஏ.வையும் ஆர்.என்.ஏ.வையும் அகற்றுதல்: நியூக்ளியேஸ் பயன்படுத்தத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தின் நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலைப் பகுதிக் கல்லூரிகளில் உயிரித் தொழில்நுட்பமும் உயிர்வேதியியலும் படிக்கும் முதுநிலை மாணவர்களில் பலர், கடைசிப் பருவத்துப் புராஜெக்டாக ஏதேனும் ஒரு புரதத்தை ஈ. கோலை பாக்டீரியாவில் உற்பத்தி செய்து பிரித்தெடுக்கும் வேலையை எடுத்துக்கொள்கிறார்கள். குளோனிங்கும் புரத உற்பத்தியும் நன்றாக நடந்து முடிந்த பிறகு, செல்லை உடைக்கும் நாளில்தான் பெரும்பாலும் வேலை தடுமாறுகிறது. சென்ட்ரிஃப்யூஜில் எவ்வளவு சுற்றினாலும் லைசேட், அதாவது உடைத்த செல்களின் கரைசல், தெளிவதில்லை, வடிகட்டி அடைத்துக்கொள்கிறது, புரதத்தைப் பிடித்துவைக்கும் நிக்கல் ரெசினின் வழியே சொட்டு இறங்குவதில்லை. இவை எல்லாவற்றையும் தாண்டி வந்த புரதத்திலும், நியூக்ளிக் அமிலத்தை (டி.என்.ஏ., ஆர்.என்.ஏ.) காட்டும் 260 நானோமீட்டர் ஒளி உறிஞ்சல் அளவு, புரதத்தைக் காட்டும் 280-ஐ விட உயர்ந்து நிற்கிறது. இதற்கு டி.என்.ஏ.வையும் ஆர்.என்.ஏ.வையும் வெட்டும் நொதியான நியூக்ளியேஸ் சேர்க்க வேண்டும் என்று எல்லாக் கையேடுகளும் சொல்கின்றன. சேர்த்தும் பலன் கிடைக்காதவர்கள் நொதி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். நான் பார்த்தவரை நொதி கெட்டுப்போவது அபூர்வம். அதை எந்தப் பஃபரில் (பி.ஹெச்.-ஐ நிலையாக வைக்கும் கரைசல்), எந்தக் கட்டத்தில் சேர்க்கிறோம் என்பதில்தான் பிழை இருக்கிறது.

முதலில் எதை அகற்றப் போகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஈ. கோலை செல்லின் உலர் எடையில் பாதிக்குச் சற்று மேல் புரதம். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஆர்.என்.ஏ., சுமார் 3 சதவீதம் டி.என்.ஏ. இரண்டு மைக்ரோமீட்டர் நீளமுள்ள செல்லுக்குள் மடிந்து கிடக்கும் குரோமோசோமில் சுமார் 46 லட்சம் இணைக்காரங்கள் உள்ளன. விரித்தால் அது ஒன்றரை மில்லிமீட்டர் நீளம் வரும். செல் உடைந்ததும் இந்த நீள இழைகள் கரைசலில் பரவி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதால், தலைக்குத் தேய்க்கச் செம்பருத்தி இலையைக் கசக்கி எடுக்கும் தாளியைப் போல லைசேட் வழவழவென்று இழுபடுகிறது. ஆகவே கெட்டித்தன்மைக்குக் காரணம் டி.என்.ஏ. ஆனால் 260 நானோமீட்டர் அளவு ஏறி நிற்பதற்குப் பெரும் காரணம், அளவில் அதைவிடப் பல மடங்கு அதிகமாக இருக்கும் ஆர்.என்.ஏ., குறிப்பாக ரைபோசோம் ஆர்.என்.ஏ. இந்த இரண்டும் வெவ்வேறு சிக்கல்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். டி.என்.ஏ.வை மட்டும் வெட்டும் நொதியைச் சேர்த்துவிட்டு, லைசேட் தண்ணீர்போல ஆன பிறகும் அளவீடு இறங்கவில்லையே என்று குழம்புவது இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால்தான்.

நொதியைத் தேர்ந்தெடுத்தல்

கல்லூரி ஆய்வகங்களில் பொதுவாகக் கிடைப்பவை மூன்று. மாட்டுக் கணையத்திலிருந்து எடுக்கப்படும் டி.என்.ஏஸ்-1 பழமையானது, உயிர்வேதியியலாளர் குனிட்ஸ் 1948-இல் அதைப் படிகமாக்கினார். அதன் எடை ஏறத்தாழ 31 கிலோடால்டன். டி.என்.ஏ.வை மட்டும் வெட்டும், மக்னீசியம் கேட்கும், நிலைத்திருக்கக் கால்சியமும் கேட்கும். விலை குறைவு என்பதால் பலர் இதையே வாங்குகிறார்கள். கெட்டித்தன்மையைப் போக்குவது மட்டும் நோக்கமென்றால் இதுவே போதும். வாங்கும்போது புரோட்டியேஸ், அதாவது புரதத்தை வெட்டும் நொதி, நீக்கப்பட்ட தரம்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கணையத்திலிருந்து வருவதால் மலிவான தரங்களில் கைமோடிரிப்சின் போன்ற செரிமான நொதிகள் ஒட்டிக்கொண்டு வரலாம். அவை உங்கள் புரதத்தையே நறுக்கிவிடும்.

அதே கணையத்திலிருந்து வரும் ஆர்.என்.ஏஸ்-ஏ 13.7 கிலோடால்டன் எடையுள்ள சிறிய புரதம். இதற்கு எந்த உலோக அயனியும் தேவையில்லை. நான்கு டைசல்ஃபைடு பிணைப்புகளால் இறுகிக் கட்டப்பட்டிருப்பதால் கொதிக்க வைத்தாலும் ஆறியதும் மீண்டும் வேலை செய்யும். டி.என்.ஏஸ்-1-உடன் இதையும் சேர்த்தால் இரண்டு சிக்கல்களும் தீரும். ஆனால் அதே ஆய்வகத்தில் யாராவது ஆர்.என்.ஏ. எடுத்து வேலை செய்துகொண்டிருந்தால், இந்தக் குப்பியைத் திறப்பதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

மூன்றாவது, செராட்டியா மார்செசென்ஸ் பாக்டீரியாவின் எண்டோநியூக்ளியேஸ். பென்சோனேஸ் என்ற வணிகப் பெயரில் பலருக்கும் அறிமுகமானது. வேறு பெயர்களிலும் வருகிறது. ஒற்றை இழை, இரட்டை இழை, நேர் வடிவம், வட்ட வடிவம், டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. என்ற வேறுபாடு எதுவும் பாராமல் எல்லாவற்றையும் சில காரங்கள் நீளமே உள்ள துண்டுகளாக வெட்டிவிடும். 1 முதல் 2 மில்லிமோலார் மக்னீசியம் இருந்தால் போதும், கால்சியம் வேண்டாம். குப்பியின் விலை கண்ணை உறுத்தினாலும், ஒரு தடவைக்குச் சில மைக்ரோலிட்டரே செலவாகிறது என்பதைக் கணக்கிட்டால் புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

மீன் தசையிலிருந்து புரதம் எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கடலோர மாவட்டம் என்பதால் இங்கே அத்தகைய புராஜெக்டுகளை எடுப்பவர்கள் உண்டு. தசையில் நிறைந்திருக்கும் ஆக்டின், தனி மூலக்கூறாக இருக்கும் நிலையில் டி.என்.ஏஸ்-1-உடன் இறுக்கமாகப் பிணைந்து அதை முடக்கிவிடும். அந்த வேலைக்கு செராட்டியா நொதியே பொருத்தம்.

பஃபர்தான் பாதி வேலை

நிக்கல் ரெசின் கையேடுகளில் அச்சாகியிருக்கும் வழக்கமான லைசிஸ் (செல் உடைப்பு) பஃபரைப் பாருங்கள்: 50 மில்லிமோலார் சோடியம் பாஸ்பேட், 300 மில்லிமோலார் சோடியம் குளோரைடு, 10 மில்லிமோலார் இமிடசோல், பி.ஹெச். 8. ஹிஸ்-டேக் (நிக்கலைப் பற்றும் ஹிஸ்டிடின் வால்) சேர்த்த புரதம் ரெசினில் ஒட்டுவதற்கு இது மிக நல்ல பஃபர். நியூக்ளியேஸுக்கோ இதில் இரண்டு தடைகள் உள்ளன. செராட்டியா நொதியின் வேகம் உப்பு 150 மில்லிமோலாரைத் தாண்டியதும் சரியத் தொடங்குகிறது, பாஸ்பேட்டும் அதைத் தடுக்கிறது. டி.என்.ஏஸ்-1 உப்புக்கு இன்னும் எளிதில் பணிந்துவிடும். அதற்காகச் சேர்க்கும் கால்சியமோ பாஸ்பேட்டோடு சேர்ந்து வெண்மையாகப் படிந்துவிடும். கையேட்டின் ஒரு பக்கத்தில் உள்ள பஃபரும் இன்னொரு பக்கத்தில் உள்ள நியூக்ளியேஸ் குறிப்பும் ஒன்றையொன்று கலந்து பேசி எழுதப்பட்டவை அல்ல.

ஆகவே உப்பு குறைவான பஃபரில் செல்லை உடைத்து, நியூக்ளியேஸ் தன் வேலையை முடித்த பிறகு உப்பை ஏற்றி, அதன் பிறகே ரெசினில் விடுங்கள். தொடக்க பஃபராக 50 மில்லிமோலார் டிரிஸ், 100 மில்லிமோலார் சோடியம் குளோரைடு, 2 மில்லிமோலார் மக்னீசியம் குளோரைடு, 5 சதவீதம் கிளிசரால், பி.ஹெச். 8 என்று வைத்துக்கொள்ளலாம். இ.டி.டி.ஏ. இதில் ஒரு துளியும் இருக்கக்கூடாது. அது மக்னீசியத்தைப் பிடித்துவைத்து நியூக்ளியேஸைப் பட்டினி போடும், ரெசினில் உள்ள நிக்கலையும் கழற்றிவிடும். பலர் இதைத் தாங்கள் சேர்க்கவில்லை என்றே நினைக்கிறார்கள். ஆனால் புரோட்டியேஸ் தடுப்பான் கலவை மாத்திரைகளில் இ.டி.டி.ஏ. உள்ளவை, இல்லாதவை என இரு வகை உண்டு. அட்டையைப் படித்து இல்லாததை எடுக்க வேண்டும். டி.என்.ஏஸ்-1 பயன்படுத்துவோர் மக்னீசியத்தை 5 முதல் 10 மில்லிமோலாராக உயர்த்தி, 1 மில்லிமோலார் கால்சியம் குளோரைடும் சேர்க்கட்டும். டி.டி.டி. போன்ற ஒடுக்கிகளைப் பஃபரில் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கால்சியம் இன்னும் முக்கியம். அது இல்லாவிட்டால் டி.என்.ஏஸ்-1-இன் டைசல்ஃபைடு பிணைப்பு உடைந்து செயல் போய்விடும்.

நம் ஊருக்கே உரிய இரண்டு தொல்லைகளையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை உறிஞ்சும் உப்பு. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் பெறும் இந்த மாவட்டத்தில், ஒருமுறை திறந்து சரியாக மூடாத பாட்டில் சில வாரங்களில் கசிந்து கட்டியாகிவிடுகிறது. அதிலிருந்து நிறுத்து எடுத்தால் பாதி தண்ணீரைத்தான் நிறுக்கிறீர்கள். புதுப் பாட்டில் திறந்த அன்றே ஹெக்சாஹைட்ரேட் உப்பில் 20.33 கிராம் எடுத்து 100 மில்லிலிட்டருக்குக் கரைத்து, 1 மோலார் இருப்புக் கரைசலாக வடிகட்டி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, டிரிஸ் பஃபரின் பி.ஹெச். வெப்பநிலையோடு மாறும், ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.028 வீதம். 30 டிகிரி அறையில் 8.0 என்று சரிசெய்த பஃபர், 4 டிகிரிக்குக் குளிர்ந்ததும் 8.7-ஐத் தொடும். நியூக்ளியேஸ் இதைப் பொருட்படுத்தாது, ஆனால் உங்கள் புரதத்தின் ஐசோஎலக்ட்ரிக் புள்ளி, அதாவது அதன் நிகர மின்சுமை பூஜ்யமாகும் பி.ஹெச்., அந்தப் பக்கம் இருந்தால் புரதம் பொருட்படுத்தும்.

செல்லை உடைக்கும் நாள்

ஒரு லிட்டர் வளர்ப்பிலிருந்து ஏறத்தாழ 4 கிராம் ஈர பெல்லட் (சுற்றியபின் அடியில் படியும் செல்கள்) கிடைத்ததாக வைத்துக்கொண்டு கணக்கிடுவோம். அதை 30 மில்லிலிட்டர் குளிர்ந்த பஃபரில் கட்டியில்லாமல் கரையுங்கள். ஒரு கட்டி நின்றாலும் அதன் நடுவில் உள்ள செல்கள் உடையாமல் தப்பித்து, கடைசி நேரத்தில் உடைந்து லைசேட்டை மறுபடி கெட்டியாக்கும். மில்லிலிட்டருக்கு செல்சுவரை அரிக்கும் லைசோசைம் ஒரு மில்லிகிராம் சேர்த்து ஐஸில் அரை மணி நேரம் வையுங்கள். புரோட்டியேஸ் தடுப்பானான பி.எம்.எஸ்.எஃப். தண்ணீரில் விரைவில் சிதையும் என்பதால் அதை இந்த நேரத்தில்தான், ஆல்கஹாலில் கரைத்த இருப்பிலிருந்து சேர்க்க வேண்டும்.

ஐஸ் இயந்திரம் இல்லாத ஆய்வகங்கள் மீன்பிடித் துறைமுகப் பக்கத்திலிருந்து உடைத்த ஐஸை வாங்கி வைத்துக்கொள்வதுண்டு. அதில் தவறில்லை. ஆனால் மீனுக்காக உப்பு கலந்த ஐஸாக இருந்தால் அதன் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போய், குழாயின் ஓரத்தில் லைசேட் உறையத் தொடங்கும். பெட்டியில் கொஞ்சம் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஐஸைக் குழம்பாக்கி, தெர்மாமீட்டர் ஒன்றைக் குத்தி வைத்துவிட்டால் கவலை இல்லை.

இப்போது நியூக்ளியேஸ். மில்லிலிட்டருக்கு 25 யூனிட் என்ற அளவு பெரும்பாலான லைசேட்டுகளுக்குப் போதும். 30 மில்லிலிட்டருக்கு 750 யூனிட். குப்பியில் மைக்ரோலிட்டருக்கு 250 யூனிட் இருந்தால் 3 மைக்ரோலிட்டர். நொதி 50 சதவீதக் கிளிசராலில் இருப்பதால் பைப்பெட் நுனியின் உட்சுவரிலும் வெளிச்சுவரிலும் ஒட்டிக்கொள்ளும். நுனியின் முனை மட்டும் தொடும்படி மெதுவாக உறிஞ்சி, லைசேட்டுக்குள் விட்டபின் அதே நுனியால் இரண்டு மூன்று முறை உறிஞ்சி விடுங்கள். கிளிசரால் கனமானது, அடியில் போய் உட்கார்ந்துவிடும் என்பதால் குழாயை மெல்லக் கவிழ்த்துக் கலக்க வேண்டும். டி.என்.ஏஸ்-1 என்றால் மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம், அதாவது மொத்தம் 300 மைக்ரோகிராம்; மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் உள்ள இருப்பிலிருந்து 30 மைக்ரோலிட்டர். இந்த நொதி வேகமான குலுக்கலையும் நுரையையும் தாங்காது, ஆகவே வோர்டெக்ஸ் வேண்டாம்.

செராட்டியா நொதியைச் சோனிகேஷனுக்கு (ஒலி அலையால் செல்லை உடைத்தல்) முன்பே சேர்க்கலாம். செல் உடைய உடைய வெளிவரும் டி.என்.ஏ. அப்போதைக்கப்போது வெட்டுப்படும். டி.என்.ஏஸ்-1-ஐச் சோனிகேஷன் முடிந்து நுரை அடங்கிய பின் சேர்ப்பதே என் வழக்கம். சோனிகேட்டரை 10 வினாடி ஓட்டி 30 வினாடி நிறுத்தி, ஐஸிலேயே வைத்து நடத்துங்கள்.

பிறகு காத்திருக்க வேண்டும். இரு நொதிகளுக்கும் உகந்தது 37 டிகிரி. ஐஸில் வேலை நடக்கும், ஆனால் மெதுவாக. கையேடுகள் அறை வெப்பநிலையில் 15 நிமிடம் என்று எழுதும்போது மனத்தில் வைத்திருப்பது 20 முதல் 25 டிகிரி வரையுள்ள அறையை. ஏப்ரல் மாத நாகர்கோவிலில் அறை 30-ஐத் தாண்டும். அங்கே நியூக்ளியேஸ் விரைவாக ஓடும், லைசேட்டில் உள்ள புரோட்டியேஸும் அதே விரைவில் ஓடும். உறுதியான புரதமென்றால் அறையில் 15 நிமிடம் வையுங்கள். எளிதில் சிதையும் புரதமென்றால் நொதியை இரட்டிப்பாக்கி ஐஸில் ஒரு மணி நேரம் வைப்பது நல்லது.

வேலை முடிந்ததா என்பதை அறிய எந்தக் கருவியும் வேண்டாம். பைப்பெட் நுனியை லைசேட்டில் தோய்த்து மெல்லத் தூக்கிப் பாருங்கள். நூல் இழுபட்டால் இன்னும் முடியவில்லை. தனித்தனிச் சொட்டாக விழுந்தால் முடிந்தது. நூல் நின்றுகொண்டே இருந்தால் இன்னும் கொஞ்சம் நொதியைக் கொட்டாதீர்கள். முதலில் 1 மோலார் மக்னீசியம் குளோரைடு இருப்பிலிருந்து 60 மைக்ரோலிட்டர் சேர்த்து 10 நிமிடம் பொறுங்கள். தெரியாமல் நுழைந்த இ.டி.டி.ஏ. சிறிதளவானால் இதிலேயே விடை தெரிந்துவிடும்.

நூல் அறுந்ததும் உப்பை ஏற்றலாம். 5 மோலார் சோடியம் குளோரைடு கரைசலில் 2.7 மில்லிலிட்டர் சேர்த்தால், 30 மில்லிலிட்டர் லைசேட்டின் உப்பு 100-இலிருந்து 500 மில்லிமோலாருக்கு வரும். இந்த உப்பு, வெட்டுப்பட்ட துண்டுகள் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பதையும் தளர்த்திவிடும். இமிடசோலை இப்போது சேர்த்து, குளிர் சென்ட்ரிஃப்யூஜில் 15,000 ஜி அளவில் அரை மணி நேரம் சுற்றி, மேலே தெளிந்ததை 0.45 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்து ரெசினில் விடுங்கள்.

அளவீட்டில் பார்ப்பது

தூய புரதத்தில் 260-க்கும் 280-க்கும் உள்ள விகிதம் 0.6-ஐ ஒட்டி இருக்கும், தூய நியூக்ளிக் அமிலத்தில் 2-ஐ ஒட்டி இருக்கும். நடுவில் உள்ள எண்ணைப் பாதிப் பாதி என்று படிப்பது தவறு. நியூக்ளிக் அமிலம் புற ஊதாக் கதிரைப் புரதத்தைவிட மிக வலுவாக உறிஞ்சுவதால், விகிதம் 1-ஐத் தொட எடையில் 3 சதவீதம் கலந்திருந்தாலே போதும். வார்பர்க், கிறிஸ்டியன் இருவரின் பழைய அட்டவணை தரும் கணக்கு இது. ஆகவே 1 என்று கண்டதும் மனம் உடைய வேண்டாம். ஆனால் 280 அளவை மட்டும் வைத்துப் புரதச் செறிவு எழுதவும் வேண்டாம். அந்த நிலையில் பிராட்ஃபோர்டு சாய முறையில் அளப்பதே நேர்மை. விகிதத்தை மட்டும் பாராமல் 240 முதல் 340 வரை முழு வளைவையும் எடுங்கள். 320-க்கு மேலும் வளைவு தரையைத் தொடாமல் நின்றால், அது புரதம் திரண்டு ஒளியைச் சிதறடிப்பது. நியூக்ளியேஸ் அதற்கு மருந்தல்ல.

நியூக்ளியேஸ் சேர்ப்பதற்கு முன் 5 மைக்ரோலிட்டர், பின் 5 மைக்ரோலிட்டர் எடுத்து 1 சதவீத அகரோஸ் ஜெல்லில் ஓட்டினால் நடந்தது கண்ணுக்குத் தெரியும். மேலே கிணற்றிலேயே தேங்கி ஒளிர்வது குரோமோசோம் டி.என்.ஏ., கீழே பட்டையாகவும் புகையாகவும் தெரிவது ஆர்.என்.ஏ. டி.என்.ஏஸ்-1 மட்டும் சேர்த்த மாதிரியில் மேலே இருந்தது மறைந்து கீழே இருப்பது அப்படியே நிற்கும்.

நியூக்ளியேஸ் மட்டும் போதாத இடங்கள்

உங்கள் புரதமே டி.என்.ஏ.வையோ ஆர்.என்.ஏ.வையோ பிடிக்கும் இயல்புடையதானால், அது இறுகப் பற்றியிருக்கும் பகுதிக்கு நியூக்ளியேஸால் எட்ட முடியாது. சுற்றியுள்ளதை வெட்டிவிட்டு, ஒட்டியிருக்கும் சிறு துண்டை விட்டுவிடும். அப்போது புரதம் நிக்கல் ரெசினில் ஒட்டியிருக்கும் நிலையிலேயே 1 முதல் 2 மோலார் உப்புள்ள பஃபரால் பலமுறை கழுவ வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் பாலிஎத்திலீன்இமைன் இருக்கிறது. நேர் மின்சுமை நிறைந்த இந்தப் பாலிமரை, 0.5 மோலார் அல்லது அதற்கு மேல் உப்புள்ள லைசேட்டில், மெல்லக் கலக்கிக்கொண்டே துளித்துளியாக 0.1 சதவீதம் வரும்வரை விட்டால், நியூக்ளிக் அமிலம் வெண்மையாகத் திரண்டு கீழே போகும், உப்பு காரணமாகப் புரதம் மேலே நிற்கும். பிறகு அம்மோனியம் சல்ஃபேட்டால் புரதத்தை வீழ்த்தி எடுத்தால், மிஞ்சிய பாலிமர் கரைசலோடு போய்விடும்.

புத்தளம், சாமித்தோப்பு உப்பளங்களிலிருந்து எடுத்த உப்புவிரும்பி பாக்டீரியாக்களின் நொதிகளை நேரடியாகப் பிரிப்பவர்களுக்கு வேறொரு நெருக்கடி உண்டு. அந்தப் புரதங்களில் பலவற்றுக்கு மோலார் அளவில் உப்பு இல்லாவிட்டால் மடிப்பே குலைந்துவிடும். ஆகவே குறைந்த உப்பில் தொடங்கி ஏற்றும் உத்தி அங்கே செல்லாது. உப்பைத் தாங்கி வேலை செய்யும் நியூக்ளியேஸ்கள் விற்பனைக்கு உண்டு. 500 மில்லிமோலாரைச் சுற்றி அவை நன்றாக ஓடும். அதற்கும் மேல் உப்பு தேவைப்படும் புரதமென்றால் நீள இழைகளைச் சோனிகேட்டராலும் மெல்லிய ஊசியாலும் நறுக்கிக் கெட்டித்தன்மையைக் குறைத்துவிட்டு, நியூக்ளிக் அமிலங்களைப் பிரிப்பதை அடுத்த ரெசினின் பொறுப்பில் விடுவதே வழி.

சேர்த்ததை வெளியேற்றுதல்

செராட்டியா நொதியின் ஒரு மில்லிகிராமில் பத்து லட்சம் யூனிட்டுக்கு மேல் செயல் உண்டு. ஆகவே நீங்கள் சேர்த்த 750 யூனிட் ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவு, புரதங்களை எடைப்படி பிரித்துக் காட்டும் எஸ்.டி.எஸ். ஜெல்லில் தெரியாது. 300 மைக்ரோகிராம் டி.என்.ஏஸ்-1 சேர்த்திருந்தால் 31 கிலோடால்டன் அருகிலும், லைசோசைம் 14 அருகிலும் பட்டையாகத் தெரியலாம். அவற்றை உங்கள் புரதத்தின் சிதைவு என்று எழுதிவிடாதீர்கள். ஹிஸ்-டேக் இல்லாததால் இவை பெரும்பாலும் ரெசினில் ஒட்டாமல் வெளியேறிவிடும். நியூக்ளியேஸ் வேலையை முதல் ரெசினுக்கு முன்பே முடிக்கச் சொல்வதும் இதனால்தான். கடைசிக் கட்டத்தில் சேர்த்தால் அதை வெளியேற்ற அதன்பின் எந்தக் கட்டமும் இருக்காது.

கண்ணுக்குத் தெரியாத அளவும் சில வேலைகளைக் கெடுக்கும். பிரித்த புரதத்தை டி.என்.ஏ.வுடனோ ஆர்.என்.ஏ.வுடனோ சேர்த்து ஆராயப் போகிறீர்கள் என்றால், அதில் கொஞ்சம் எடுத்து, 2 மில்லிமோலார் மக்னீசியத்தோடு ஒரு பிளாஸ்மிடை (சிறு வட்ட டி.என்.ஏ.) கலந்து 37 டிகிரியில் இரவு முழுவதும் வைத்து, மறுநாள் ஜெல்லில் ஓட்டிப் பாருங்கள். பக்கத்தில் புரதம் சேர்க்காத பிளாஸ்மிடும் ஓட வேண்டும். இரண்டும் ஒன்றுபோல இருந்தால் துணிந்து பயன்படுத்தலாம். ஆர்.என்.ஏ.வோடு வேலை செய்ய வேண்டிய புரதத்துக்கு ஆர்.என்.ஏஸ்-ஏ-வைத் தொடக்கத்திலிருந்தே தவிர்த்துவிடுங்கள், அதன் மிச்சத்தை விரட்டுவது மிகக் கடினம்.

நொதியை மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். கிளிசரால் இருப்பதால் அது அங்கே உறையாது. மின்சாரம் போகும் மதியங்களை எண்ணி, குப்பியை உறைந்த ஜெல் பைகளுக்கு நடுவில், ஃப்ரீசரின் கதவை விட்டுத் தள்ளி வைப்பது நல்லது. சென்னையிலிருந்தோ திருவனந்தபுரத்திலிருந்தோ கூரியரில் வரவழைக்கும்போது, பொதி வார நடுவில் வந்து சேரும்படி கேளுங்கள். டிசம்பர் முதல் வாரத்தில் ஆர்டர் கொடுப்பவர்கள், கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்காக 3-ஆம் தேதி விடப்படும் உள்ளூர் விடுமுறையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்று பொதியை வாங்கக் கல்லூரியில் ஆள் இருக்காது.